தங்கவயலின் மழைக் குட்டைகள்

கோலார் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருகில் ஓடும் பாலாறு பேத்தமங்கலா ஏரியைக் கடந்து, ஆந்திரம், தமிழ்நாடு வழியாக ஓடி, வாயலூரில் வங்கக் கடலைத் தொடுகிறது. கடலோரப் பாறைக் குழிகளில் நண்டும் கடல் சாமந்தியும் தேடும் வாய்ப்பு தங்கவயலின் மாரிகுப்பம் பிள்ளைகளுக்கு இல்லைதான். ஆனால் அவர்கள் ஊர் மழைக் குட்டைகளில் அதைவிடக் கடுமையான வாழ்க்கை நடக்கிறது.

கடலோரக் குழியை விட்டு இறங்கிய நீர் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் திரும்ப ஏறிவிடும். அதுவரை கொட்டலசு ஓட்டை இறுக மூடிக்கொள்கிறது. கடல் சாமந்தி கைகளை உள்ளிழுத்துக்கொள்கிறது. செப்டம்பர், அக்டோபரில் பாறைப் பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வற்றிவிட்டால் திரும்பி வர மாதங்கள் ஆகும்.

குட்டை வற்றுவதற்குள் தவளைக்குஞ்சு கால் முளைத்துத் தரையேற வேண்டும். தென்னிந்தியாவின் தற்காலிகக் குட்டைகளில் வாழும் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் என்ற நன்னீர் இறாலினத்துக்கு ஏறிப் போகவும் வழியில்லை. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல். 11 ஜோடிக் கால்களை அசைத்து மல்லாந்தே நீந்தும். ஓரிரு வாரங்களில் வளர்ந்து, முட்டையிட்டு, குட்டையோடு சாகும். முட்டைகள் மட்டும் வெயிலில் வெந்த மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும்.

இவற்றைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெரியவர்கள் இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2001இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற சயனைடு மண்மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் கழிவு கிடக்கிறது. அங்கிருந்து வழிந்து தேங்கும் நீரில் கை வைக்கவே கூடாது. பழைய சுரங்க வாய்களின் பக்கமும் போகக் கூடாது. ஏரிக்கரை, கரம்பு நிலம், மேடுகளுக்கு எட்டாத பாறைகள் போதும். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் நீரை மொண்டு வைத்தால், தலைகீழாகத் தொங்கி வால்குழாயால் மூச்சுவிடும் கொசுப்புழுகூடத் தெளிவாகத் தெரியும். பார்த்து முடித்ததும் கொசுப்புழு நீங்கலாக மற்றவற்றை அதே குட்டையில் விட்டுவிடலாம்.

கோடையிலும் வேலை உண்டு. வற்றிய குட்டையின் மேல்மண்ணை ஒரு பிடி எடுத்து, குளோரின் கலக்காத மழைநீரில் ஊறவைக்க வேண்டும். இறால் முட்டைகள் இருந்தால், ஓரிரு நாளில் புள்ளி புள்ளியாகக் குஞ்சுகள் துள்ளும். எல்லா முட்டையும் ஒரே மழையில் பொரிப்பதில்லை. எல்லாம் பொரித்தபின் நீர் சீக்கிரம் வற்றினால் வம்சமே அழிந்துவிடும் அல்லவா! அதே மண்ணைக் காயவைத்து மறுபடி நனைத்தால், முதல் முறை பொரிக்காதவற்றில் சில பொரிப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.