ஊழியமும் பேரேடும்

செஞ்சிக் கோட்டையை 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மொகலாயப் படையின் முற்றுகையை 1690 முதல் 1698 வரை தாங்கி நின்ற அக்கோட்டையின் நெற்களஞ்சியங்களை இன்றும் காணலாம். களஞ்சியம் இருந்தால் கணக்கும் இருந்தே தீரும். ஆயினும் கணக்கு எழுதுவதற்காக எவரும் களஞ்சியம் கட்டுவதில்லை. இந்த எளிய நியாயம் நமது வைத்திய ஊழியத்தில் தலைகீழாகி வருவது கண்டு நாம் வருந்துகிறோம்.

செஞ்சியைச் சூழ்ந்த கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரச் செவிலியரின் நிலையை நோக்குவோம். சமவெளியில் 5,000 ஜனங்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது சர்க்கார் வகுத்த அளவு. கர்ப்பிணிகளைக் கவனிப்பதும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் செவிலியரின் கடமை. இவற்றோடு 'பிக்மி' என்னும் இணையப் பதிவேட்டையும் அவரே நிரப்பவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதையும் பெற்றது. போற்றத்தக்க காரியமே. ஆனால் வாசல்தோறும் ஒரு பதிவு கூடியது. நோயாளிகளுக்கு உதவும் சிறு தர்ம ஸ்தாபனங்களின் கதியும் இதுவே. நான்கைந்து பேர் உழைக்கும் இடத்தில் ஒருவர் நாள் முழுதும் அறிக்கை எழுதுகிறார்.

இச்சுமையைச் செயற்கை நுண்ணறிவு குறைக்குமா? குறைக்கும் என்பதே நமது அபிப்பிராயம். ஊழியர் தமிழில் சொல்வதை எழுத்தாக்கவும், படிவத்தை நிரப்பவும், மருந்து வாங்க வராதவர் பட்டியலைத் தொகுக்கவும், முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் கடிதத்தை வரையவும் அதனால் இயலும். பாரத மொழிகளுக்கென மத்திய சர்க்கார் 2022-இல் 'பாஷினி'யைத் தொடங்கியது; சென்னை ஐ.ஐ.டி.யிலும் இவ்வேலை நடைபெறுகிறது.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் அவசியம்.

முதலாவது, யந்திரம் சொல்லாததையும் எழுதும். 'விஸ்பர்' என்னும் பேச்செழுத்துக் கருவியை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், அது எழுதிய பிரதிகளில் ஏறத்தாழ 100-க்கு 1-இல் எவரும் பேசாத வாக்கியங்கள் புகுந்திருந்ததாக 2024-இல் அறிவித்தனர். மருந்தின் அளவில் இப்பிழை நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே யந்திரம் எழுதியதை மனிதர் படித்துக் கையொப்பமிட வேண்டும், பொறுப்பு மனிதருடையதே.

இரண்டாவது, நோயாளியின் இரகசியம். காசநோய் கண்ட பெண்ணின் பெயர் ஊரில் பரவினால் அவள் வாழ்வே குலைந்துவிடும். இலவசமாகக் கிடைக்கிறதென்று கண்ட கருவியிலெல்லாம் அவள் பெயரை இடுவது துரோகம். சம்மதம் பெறவேண்டும் என்பதை 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வலியுறுத்துகிறது.

மூன்றாவதே முக்கியம். செவிலியரின் ஏட்டுச் சுமையைக் குறைக்கவென்று 2016-இல் 'அன்மோல்' என்னும் கையடக்கப் பலகைச் செயலி வந்தது. பல இடங்களில் நடந்ததென்ன? பலகையும் வந்தது, பழைய ஏடும் நின்றது. ஒரே விவரத்தை இருமுறை எழுதும்படியாயிற்று. மிச்சமாகும் நேரத்தை மேலதிகாரிகள் புதிய அறிக்கைகளால் நிரப்பிவிட்டால் எந்த யந்திரம் வந்தும் பயனில்லை. ஆகையால் ஒரு யந்திரம் உள்ளே வரும்போது ஓர் ஏடாவது வெளியே போகவேண்டும். இதை விதியாகவே எழுதி வைக்கவேண்டும்.

தேச சேவையில் ஈடுபட்டோர் தத்தம் ஊர்களில் இதைக் கேட்க முன்வர வேண்டும். எத்தனை படிவங்கள் நிரம்பின என்று வினவுவதை விடுத்து, மிச்சமான மணி நேரத்தில் எத்தனை நோயாளிகளின் அருகே ஊழியர் அமர்ந்தார் என்று வினவுங்கள். படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையைப் பிடித்து ஆறுதல் கூற எந்த யந்திரமும் வராது. அதற்குரிய நேரத்தை ஊழியருக்கு மீட்டுத் தருமாயின், அந்த யந்திரத்தை இரு கை நீட்டி வரவேற்போம்.