பத்து ரூபாயில் என்ன சாப்பிடலாம்? – மாணவர்களே உருவாக்கும் உணவுத் திட்ட இணையதளம்

முதல் பாடவேளையிலேயே சோர்ந்து மேசையில் சாயும் மாணவர்களை மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் தொடங்கப்பட்டபோது, அது 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கென அமைந்தது. சத்துணவு 10ஆம் வகுப்பு வரை உண்டு. 11ஆம் வகுப்பில் சேரும் மாணவர் இரண்டையும் கடந்துவிடுகிறார். ஓமந்தூர்ப் பகுதிக் கிராமங்களில் பெற்றோர் விடியலில் வேலைக்குக் கிளம்பிவிட, பல பிள்ளைகள் பத்து ரூபாயோடு பள்ளிக்கு வருகிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் பெட்டிக்கடைச் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் போகிறது.

குறைந்த செலவில் மாணவருக்கு உணவு என்பது நமக்குப் புதிய கணக்கு அல்ல. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தபோது, ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்று வரம்பு வைத்தது. அதே கணக்கை இன்று மாணவர்களே போட்டுப் பார்த்து, பிறருக்கும் பயன்படும் இணையதளமாக்குவதே எங்கள் வகுப்பின் செயல்திட்டம். அதன் வழிமுறையை இங்கே பகிர்கிறேன்.

மூன்று அட்டவணைகள்

இணையதளம் என்றதும் மாணவர்கள் வண்ணங்களையும் படங்களையும் தேடுவார்கள். அதற்கு முன் தகவல் வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு விரிதாளைத் திறந்து மூன்று அட்டவணைகள் அமைக்கச் சொல்கிறேன்.

முதலாவது, பொருள்களும் அவற்றின் சத்தும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன. அதிலிருந்து நம் ஊரில் கிடைக்கும் 30 பொருள்களை எடுத்தால் போதும்.

இரண்டாவது, விலை. உழவர் சந்தை விலைப்பலகை, மளிகைக் கடை, நியாயவிலைக் கடை மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். வெளியில் நூறு ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். அது தீர்ந்தபின் அதே சாம்பாரின் செலவு ஏறிவிடும். எனவே எந்த விலையில் கணக்கிட வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்கும் வசதி தேவை. ஒவ்வொரு விலைக்கும் பதிவு செய்த தேதியும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உணவு வகைகள். ஒவ்வோர் உணவுக்கும் எந்தப் பொருள் எத்தனை கிராம் என்பது இதில் இருக்கும்.

கைப்பிடியைக் கிராமாக்குதல்

மூன்றாவது அட்டவணையில்தான் உண்மையான கற்றல் நடக்கிறது. நம் வீடுகளில் யாரும் கிராமில் சமைப்பதில்லை. ஆழாக்கு, கைப்பிடி, கரண்டி என்பவையே அளவுகள். ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையை ஆய்வகத் தராசில் ஐந்து மாணவர்கள் தனித்தனியே அளந்து நிறுத்துச் சராசரி காணட்டும். அளவீட்டுப் பிழை என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு ஒரே சூத்திரம்: கிலோ விலையைக் கிராம் அளவால் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். கொண்டைக்கடலை கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கான 40 கிராம் 3 ரூபாய் 60 காசு. எண்ணெய் 75 காசு, தேங்காயும் தாளிப்பும் 1 ரூபாய், எரிவாயு 1 ரூபாய் எனக் கொள்வோம். ஒரு கிண்ணம் சுண்டல் 6 ரூபாய் 35 காசு. எரிவாயுச் செலவை மாணவர்கள் சேர்க்காமல் விடுவார்கள். அதை நினைவூட்ட வேண்டும். இந்தச் சுண்டலில் ஒரு முட்டையில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலான புரதம் இருக்கிறது.

அடுத்து, சிப்ஸ் உறையின் பின்புறத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எடை 25 கிராம், விலை 10 ரூபாய் என்றால் கிலோ 400 ரூபாய்! நிலக்கடலை கிலோ 140 ரூபாய் என்றால் அதே பத்து ரூபாய்க்கு 70 கிராம் கிடைக்கும். டி.எம்.வி. கடலை ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம் திண்டிவனத்தில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மலிவு மட்டும் போதாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே உணவுக் குறிப்புகளில் சிறு வழிகாட்டலும் இடம்பெறட்டும்: சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும், உடனே தேநீர் குடித்தால் அது குறையும். 50 கிராம் கேழ்வரகு மாவில் 150 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

முகப்பில் மூன்று கேள்விகள் போதும்: கையில் எவ்வளவு பணம்? வீட்டில் என்ன இருக்கிறது? அடுப்பு மூட்ட நேரம் உண்டா? விடையாக மூன்று உணவுகள் வரட்டும். நிரல் எழுதத் தெரிந்த மாணவர்கள் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு இதை அமைக்கலாம். மற்றவர்களுக்குக் கூகுள் சைட்ஸ் பக்கத்தில் விரிதாளை இணைத்தாலே போதும். பெரிய படங்களைத் தவிர்த்தால் விலை குறைந்த கைப்பேசியிலும் விரைவாகத் திறக்கும். கைப்பேசி இல்லாத பிள்ளைகளுக்காக வாரம் ஒருமுறை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். பெயர், குடும்ப வருமானம், குடும்ப அட்டை வகை எதையும் இணையதளம் கேட்கக் கூடாது. “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று வகுப்பில் எழுப்பிக் கேட்டுத் தகவல் திரட்டவும் கூடாது. பசியோடு வந்த பிள்ளை அந்தக் கேள்விக்குப் பொய்தான் சொல்லும்; அடுத்த நாள் நம்மிடம் பேசவும் தயங்கும். தளம் யாரையும் அடையாளம் காணாததாக இருந்தால்தான், தேவைப்படும் மாணவர் கூச்சமின்றிப் பயன்படுத்துவார்.

தொடக்கநிலை ஆசிரியர்களும் இதில் பங்கேற்கலாம். 4, 5ஆம் வகுப்புக் குழந்தைகள் விலை கேட்டு எழுதுவதும், நிறுத்து அளப்பதும் கணக்குப் பாடமாகவே அமையும். பத்து உணவுகளோடு தொடங்குங்கள். வெளியிடுமுன் சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் அளவுகளைக் காட்டித் திருத்துங்கள். மாதம் ஒருமுறை விலையைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படையுங்கள். அந்தக் குழு 12ஆம் வகுப்பை முடிக்குமுன் அடுத்த வகுப்புக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுச் செல்லட்டும்.