காற்றும் கடமையும்

உலகில் பலர் கூடிச் செய்யும் செயல்கள் இருவகைப்படும். கூலி பெற்றுச் செய்வன ஒருவகை. கூலி கருதாது விருப்பத்தாற் செய்வன மற்றொருவகை. முன்னதில், பணிக்கு வாராதவன் ஊதியத்தை இழப்பான். ஆதலின் அவ்வச்சமே அவனை வரச்செய்யும். பின்னதில் அத்தகைய அச்சத்திற்கு இடமில்லை. அங்ஙனமாயின், கூலியில்லாத பணி ஆண்டுதோறும் தவறாது நடைபெறுவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை கூறும் நல்ல சான்றுகளுள் ஒன்று, தொண்டர் நடத்தும் பாய்மரப் படகுக் கழகமாகும்.

பாய்மரப் படகு செலுத்துவதில் விருப்பமுடையோர் ஒன்றுகூடி, படகுகளை வைக்க இடமும், நீரில் இறக்கத் துறையும் அமைத்துக்கொண்டு, புதியோர்க்குப் பயிற்சியளித்தும், தம்முட் பந்தயம் வைத்தும் மகிழும் சங்கமே படகுக் கழகம் எனப்படும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடற்கரை, ஆற்றுமுகம், ஏரி, நீர்த்தேக்கம் ஆகிய இடங்களில் இத்தகைய கழகங்கள் பல உள்ளன. செல்வம் மிக்க சில கழகங்களில் ஊதியம் பெறும் பணியாளர் உண்டு. சிறு கழகங்களிலோ, படகு செலுத்துவோரே தம் கழகத்தையும் நடத்துகின்றனர். வாரம் முழுதும் பள்ளியில் பாடஞ் சொல்லும் ஆசிரியரும், மரம் இழைக்கும் தச்சரும், நோயாளரைக் காக்கும் மருத்துவரும் ஞாயிற்றுக்கிழமையன்று ஒரே படகைத் தோள்கொடுத்துத் தள்ளுவர்.

அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் 1720ஆம் ஆண்டில் தோன்றிய நீர்க்கழகம் உலகிலேயே மிகப் பழைய படகுக் கழகமாகப் போற்றப்படுகின்றது. அதன் உறுப்பினர் 25 பேருக்கு மேற்படலாகாது என்பது விதி. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் மிகுதியாக ஏறும். அதனைப் பேரேற்றம் என்போம். ஏப்பிரல் மாதத்து முதற் பேரேற்றம் தொடங்கிச் செப்டம்பர் மாதத்து இறுதிப் பேரேற்றம் முடிய, ஒவ்வொரு பேரேற்றத்தின்போதும் கழகம் கூடவேண்டும் என்று அவர்கள் வகுத்துக்கொண்டனர். விருந்தளிப்பவர் இரண்டு இறைச்சிக் கறிகளுக்கு மேற் கொண்டுவரலாகாது என்றும் ஒரு விதி செய்தனர். ஒருவர் விருந்தை மற்றவர் விருந்து விஞ்சத் தொடங்கின் நட்புக் கெடும் அன்றோ? பருவம் எப்பொழுது தொடங்கும், எப்பொழுது முடியும், எவர் எவ்வளவு செய்தல் வேண்டும் என்பவற்றை முன்னரே வரையறுத்தல் அன்றுதொட்டு வரும் வழக்கம் என்பது இதனால் விளங்கும்.

அக்காலத்தில் படகுச் செலவு செல்வர்க்கே உரிய பொழுதுபோக்காக இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அந்நிலை மாறிற்று. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்க்கென்றே ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் சிறு படகை வடிவமைத்தார். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் என்னும் இருவர் ‘மிரர்’ என்னும் படகை உருவாக்கினர். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் பிணைத்து, மூட்டுவாய்களைக் கண்ணாடியிழைப் பட்டையாலும் பிசினாலும் அடைத்து, வீட்டுக் கொட்டகையிலேயே எவரும் அதனைச் செய்துகொள்ளலாம். ‘டெய்லி மிரர்’ என்னும் நாளிதழின் ஆதரவால் பரவியமையின் அப்பெயர் பெற்ற அப்படகு, செந்நிறப் பாயால் எளிதில் அடையாளம் அறியப்படும். அவ்வகைப் படகுகள் 70,000க்கு மேல் செய்யப்பட்டுள்ளன. படகு எளியோர் கைக்கு வந்தபொழுது கழகமும் எளியோர் கைக்கு வந்தது. பணியாளரை அமர்த்தப் பொருளில்லாத அவர்கள் தம் உழைப்பையே பொருளாக இட்டனர்.

பிரிட்டனின் பெரும்பாலான கழகங்களுக்கு ஏப்பிரல் முதல் அக்டோபர் வரையுள்ள காலமே சிறந்த பருவம். ஆயினும், அப்பருவத்திற்குரிய திட்டம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். நிலம் உழுவதற்கு முன்னரே விதை தேர்ந்துவைக்கும் உழவரைப் போல, துறையில் எவரும் இல்லாத அந்நாட்களில் செயற்குழுவினர் கூடி, வருங்காலத்தை எண்ணிப் பார்ப்பர். அவர்கள் முதற்கண் எண்ணவேண்டியவை கடலேற்றம், பகலொளி, காற்று என்னும் மூன்றுமாம்.

கடலேற்றம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை நிகழ்வது. எனவே, இன்று ஏறிய வேளையினும் நாளை சுமார் 50 நிமிடம் பிந்தி ஏறும். ஏழு நாளில் இப்பிந்துதல் ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும். ஆகவே, ஒரு ஞாயிறு நண்பகலில் நீர் நிறைந்து ததும்பிய கழிமுகம், அடுத்த ஞாயிறு நண்பகலில் வற்றிச் சேறாய்க் கிடக்கும். அதற்கடுத்த ஞாயிறு மீண்டும் நிறையும். இதனை அறியாது வாரந்தோறும் பந்தயம் என்று அறிவிக்கும் கழகத்தின் படகுகள் சேற்றிலேதான் நிற்கும். நல்வாய்ப்பாக, ஏற்றம் திங்கள், ஞாயிறு ஆகியவற்றின் இயக்கத்தால் அமைவது. ஆதலின், அதனை முன்னரே கணித்து அட்டவணையாக வெளியிடுகின்றனர். அவ்வட்டவணையைக் கண்டே கழகத்தார் நாள் குறிக்கின்றனர்.

பகலொளியும் அவ்வாறே கணித்தற்குரியது. இலண்டனில் ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்குப் பின்னரே கதிரவன் மறையும். டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கு முன்னரே மறைந்துவிடும். எனவே, கோடையில் வேலை முடிந்து வந்தோர்க்கு வாரநாள் மாலைகளிலும் பந்தயம் வைக்கலாம்.

காற்றோ கணிதத்திற்கு முழுதும் அடங்குவதன்று. இத்தனையாம் நாள் இத்திசையில் இவ்வேகத்தில் வீசும் என்று மாதக்கணக்கில் முன்னதாகக் கூற எவராலும் இயலாது. பிரான்சிஸ் பியூபோர்ட் என்னும் கடற்படையாளர் 1805ஆம் ஆண்டில் காற்றின் வலிமையைப் படிப்படியாக வகுத்தார். அவர் பெயரால் வழங்கும் அளவையில் ஆறாம் படி, மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வரை வீசும் காற்றைக் குறிக்கும். அதனைப் புதியோர் தாங்கார். காற்று மிகுந்தாலும் பந்தயம் இல்லை. அறவே ஓய்ந்தாலும் பந்தயம் இல்லை. ஆகவே, அறிவுடைய கழகத்தார் எல்லா நாட்களையும் பந்தயத்தால் நிரப்பார். இழந்தவற்றை ஈடுசெய்யச் சில நாட்களை ஒதுக்கிவைப்பர்.

நாள் குறித்தபின் ஆள் குறித்தல் வேண்டும். கழகத்தின் உயிர்நிலை இதுவே. ஒரு கழகத்தில் 60 உறுப்பினர் உள்ளனர் என்றும், பருவத்தில் 30 பந்தய நாட்கள் உள்ளன என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் பந்தயத்தை நடத்த ஒருவர், நேரங் குறிக்க ஒருவர், காவற்படகில் இருவர் ஆக நால்வர் வேண்டும். பருவம் முழுவதற்கும் 120 முறைப்பணிகள் ஆகும். அவற்றைச் சமமாகப் பகிர்ந்தால் ஒருவர்க்கு இரண்டு நாளே பணி. எஞ்சிய 28 நாளும் அவர் கவலையின்றிப் படகு செலுத்தலாம். இரண்டு நாள் கரையில் நிற்பவர் இருபத்தெட்டு நாள் விளையாட்டைப் பெறுகின்றார்.

இக்கணக்கு எளிது, இதனைக் காத்தலே அரிது. ‘நான் ஒருவன் வாராவிடின் என்ன?’ என்று இருபதின்மர் எண்ணுவராயின், எஞ்சிய நாற்பதின்மர் மும்மூன்று நாள் பணியாற்ற வேண்டும். அவருள்ளும் சிலர் சலித்து விலகுவர். இறுதியில் சுமை முழுவதும் நாலைந்து நல்லோர் தலைமேல் ஏறும். அவரும் தளர்ந்து ஓயும் நாளே கழகம் மறையும் நாள். படகுகள் பல இருந்தும், நீர் நிறைந்திருந்தும், காற்று இனிதாக வீசியும், நடத்துவாரின்றிக் கழகங்கள் அழிதல் இதனாலேயாம். ஆதலின், முறைப்பட்டியலைப் பருவத்திற்கு முன்னரே வெளியிட்டு, வரவியலாதவர் தமக்கு ஈடாக மற்றொருவரைத் தாமே தேடித் தரவேண்டும் என்று பல கழகங்கள் விதி செய்துள்ளன.

முறைப்பணியாளர் செய்வன யாவை? பந்தயம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கையில் மற்றொன்று ஏறும். ஒரு நிமிடம் இருக்கையில் அவ்விரண்டாங்கொடி இறங்கும். தொடக்க நொடியில் முதற்கொடியும் இறங்கும். ஒவ்வொன்றுடனும் ஓர் ஒலியும் எழுப்பப்படும். ஆயினும், கணக்கிற்கு உரியது கொடியே. ஒலி எழாதுபோயினும் குற்றமில்லை. ஒலியினும் ஒளி விரைந்து செல்வது என்னும் பாடத்தை மாணவர் இங்கு நினைவுகூர்க.

பலவகைப் படகுகள் ஒன்றாகச் செல்லும் பந்தயத்தில் வெற்றி தோல்வியைக் கணித்தலும் ஒரு பணி. விரைவுப் படகும் மந்தப் படகும் சமமாகப் போட்டியிடுவதற்காகப் ‘போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக்’ என்னும் முறையை வகுத்துள்ளனர். ஒவ்வொரு வகைப் படகிற்கும் ஓர் எண் உண்டு. மந்தமான படகிற்கு எண் பெரிது. சென்ற நேரத்தை ஆயிரத்தாற் பெருக்கி, அவ்வெண்ணால் வகுத்தல் வேண்டும். 1000 என்னும் எண்ணுடைய படகு 61 நிமிடத்திலும், 1100 என்னும் எண்ணுடைய படகு 66 நிமிடத்திலும் ஓட்டத்தை முடித்தன எனின், முன்னதன் திருத்திய நேரம் 61 நிமிடம். பின்னதன் திருத்திய நேரம் 60 நிமிடம். பின்வந்த படகே வென்றதாகும். பழைய படகுடைய எளியவரும் புதிய படகுடைய செல்வரும் ஒரே களத்தில் நிற்க இம்முறை உதவுகின்றது.

இவையெல்லாவற்றினும் பெரியது உயிர்காக்கும் பணி. சிறு படகு கவிழ்தல் இயல்பு. கவிழ்ந்தவர் மிதவைச் சட்டை அணிந்திருப்பினும், குளிர்நீர் அவர் வலிமையை விரைவில் உறிஞ்சிவிடும். ஆதலால், காவற்படகும் அதற்குரிய இருவரும் இல்லையேல் பந்தயம் தொடங்கலாகாது என்பது நல்ல கழகங்களின் உறுதி. பாய்மரப் பந்தயத்திற்குரிய அனைத்துலக விதிகளுள் முதல் விதியும், இடருற்றவர்க்கு இயன்ற உதவியெல்லாம் செய்க என்பதே. வெல்லும் வழியைக் கூறும் விதிகள் அதன் பின்னரே வருகின்றன.

1988ஆம் ஆண்டில் தென்கொரியாவில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டின் பாய்மரப் பந்தயங்கள் பூசான் கடலில் நிகழ்ந்தன. ஒரு பந்தயத்தில் கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்தார். காற்று கடுமையாயிற்று. வேறொரு பந்தயத்தில் இருந்த சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து, அதிலிருந்த இருவரும் அலையில் தத்தளிப்பதை அவர் கண்டார். உடனே தம் வழியை விட்டு விலகிச் சென்று அவ்விருவரையும் மீட்டார். மீட்புப் படகு வரும்வரை அங்கேயே நின்றார். அதன்பின் ஓட்டத்தைத் தொடர்ந்த அவர் மிகவும் பின்தங்கினார். ஆயினும் நடுவர், அவர் விலகிச் சென்ற வேளையில் பெற்றிருந்த இரண்டாம் இடத்தையே அப்பந்தயத்தில் அவர்க்கு வழங்கினர். பியேர் தெ கூபர்த்தென் பெயரால் அமைந்த பதக்கமும் அவர்க்கு அளிக்கப்பட்டது. அப்பந்தயத்தில் வென்றவர் பெயரை உலகம் மறந்தது; உதவிக்காக விலகியவர் பெயரை மறக்கவில்லை.

இனிப் பொருள்நிலை. சந்தாப் பணம் வந்தவுடன் செலவாகிவிடலாகாது. நிலக் குத்தகையும் காப்பீடும் ஆண்டுதோறும் தவறாது வருவன. காவற்படகின் எந்திரம் பழுதுறுதல் எதிர்பாராது வருவது. ஆதலின், ஆண்டுதோறும் ஒரு பகுதியைச் சேமநிதியில் இடுதல் வேண்டும். பொருளைச் சேமிப்பது போலவே ஆளையும் சேமித்தல் வேண்டும். செயலாளர் ஒருவரே இருபது ஆண்டு உழைப்பது அவர்க்குப் பெருமையாகலாம். கழகத்திற்கு அஃது இடராகும். கணக்கும் கடிதமும் சாவியும் அவர் ஒருவரிடமே இருப்பின், அவர் நோயுற்ற நாளில் கழகமும் நோயுறும். ஓராண்டு உடனிருந்து கற்ற இளையவரிடம் பொறுப்பை ஒப்படைத்தலே நன்முறை.

இவ்வழக்கம் நம் நாட்டிற்கும் வந்துள்ளது. சென்னைத் துறைமுகத்தில் 1911ஆம் ஆண்டில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளரின் முயற்சியால் ராயல் மெட்ராஸ் படகுக் கழகம் தொடங்கிற்று. நாடு மாறின் பருவமும் மாறும். பம்பாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகுகளைக் கரையேற்றிவிடுவர். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையையும் புயலையும் எண்ணித் திட்டமிடல் வேண்டும். சென்னையிற் கோடைக்காலப் பயிற்சி முகாமிற் படகு செலுத்தப் பழகிய நேத்ரா குமணன், 2021ஆம் ஆண்டில் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டிற் பங்குகொண்டு, பாய்மரப் போட்டியில் இந்தியாவின் சார்பில் ஒலிம்பிக் சென்ற முதற் பெண்மணி என்னும் புகழை எய்தினார். கடலில் ஒரு பாய் விரிவதற்கு முன், கரையிற் பல கைகள் உழைத்திருத்தல் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் பள்ளியிலும் மன்றங்களும் விளையாட்டுக் குழுக்களும் உள்ளன. அவற்றில் முன்னின்று ஆடுவதற்குப் பலர் வருவர். முடிந்தபின் நாற்காலியை எடுத்துவைக்கச் சிலரே நிற்பர். உங்கள் முறை எது என்பதை முன்னரே அறிந்து, அந்நாளில் தவறாது வந்து நில்லுங்கள். காற்று எப்பொழுது வீசும் என்பது நம் கையில் இல்லை. அது வீசும் நாளில், துறையில் நிற்கவேண்டியவர் நின்றிருத்தல் நம் கையில் உள்ளது.