கிதார் ஓரளவு தெரிந்தபின் ஆசிரியர் எதற்கு?

கிதாரில் சி, ஜி, டி முதலிய கார்டுகள் கைவந்து, நாலைந்து பாடல்களை வாசித்துவிட்டால், இனி ஆசிரியர் எதற்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவர் மிகவும் தேவைப்படுவது அப்போதுதான். எஃப் கார்டையே எடுத்துக்கொள்வோம். முதல் மெட்டில் (வீணை பயிலும் தோழியருக்கு இச்சொல் விளங்கும்) ஆறு தந்திகளையும் சுட்டுவிரலால் மணிக்கட்டு நோக அழுத்துவோம், ஒலியோ மங்கும். ஆசிரியர் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டச் செய்து, ஊமையாய் நிற்பது எதுவெனக் காட்டுவார். 3, 4, 5ஆம் தந்திகளை மற்ற விரல்கள் ஏற்கின்றன. சுட்டுவிரலுக்கு எஞ்சுவன 1, 2, 6 மட்டுமே! அவ்விரலைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்து, மெட்டை ஒட்டி வைத்தால் அவ்வளவு பலமும் வேண்டாம். இந்தப் பிடி படிந்ததும், அப்படியே இரண்டு மெட்டு நகர்த்தினால் ஜி. மேலும் இரண்டு நகர்த்தினால் ஏ.