உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் நீளாத தண்டவாளம்

திண்டிவனம் - விழுப்புரம் ரயிலில் பழைய ‘தடக் தடக்’ சத்தம் இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை. இடைவெளி விட்டு போல்ட் போட்ட காலம் போய், தண்டவாளங்களை நீளமாக வெல்டிங் செய்துவிட்டார்கள். அப்படியானால் கத்திரி வெயிலில் எஃகு எங்கே விரிவடையும்?

முனைகளில் மட்டும் கொஞ்சம் நகரும். நடுப்பகுதியைக் கான்கிரீட் ஸ்லீப்பர்களும் ஜல்லியும் அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. விரிய முடியாத எஃகுக்குள் அழுத்தம் ஏறுகிறது.

இதோ கணக்கு:

● பொருத்திய நேரத்தைவிட வெப்பநிலை 20° செல்சியஸ் கூடினால், திரிபு (நீளம் மாறும் விகிதம்) = எஃகின் வெப்ப விரிவுக் குணகம் × வெப்பநிலை உயர்வு: 0.0000115 × 20 = 0.00023. தடுக்காமல் விட்டால் 1 கி.மீ. தண்டவாளம் 23 செ.மீ. நீளும்.

● தடுத்தால் தகைவு (ஒரு சதுர மி.மீ. மீதான விசை) = எஃகின் யங் குணகம் × திரிபு. 2,10,000 × 0.00023 = சுமார் 48 நியூட்டன்/சதுர மி.மீ.

● மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 7,690 சதுர மி.மீ. எனவே ஒரு தண்டவாளத்தில் மட்டும் அழுத்தும் விசை ஏறக்குறைய 38 டன்!

தகைவுக் கணக்கில் நீளமே வரவில்லை, கவனித்தீர்களா? 1 கி.மீ. ஆனாலும் 10 கி.மீ. ஆனாலும் நடுப்பகுதியில் அதே 38 டன்தான்.

இந்தத் தகைவில் எஃகு நொறுங்காது. 880 நியூட்டன்/சதுர மி.மீ. வரை தாங்கும் ரகம் அது. ஆபத்து, பாதை பக்கவாட்டில் நெளிவதில்தான். ஸ்லீப்பர் ஓரங்களில் ஜல்லியைக் குவித்து வைப்பதும், ஜல்லியைக் கிளறும் வேலையை உச்சி வெயிலில் தவிர்ப்பதும் அதற்காகவே.