வத்தினால்தான் சீசன்: மல்லாங்கிணறு பக்கம் கண்மாய் மீன்பிடிக்கு எப்படித் தயாராகிறார்கள்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஏரிகளின் மேல் உறைந்த பனி உருகி, மே மாதம் அரசு குறித்த சனிக்கிழமை வந்துவிட்டால் மீன்பிடி சீசன் ஆரம்பம். விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமும் ஏறக்குறைய இதே நேரம்தான் சீசன். ஆனால் இங்கே காலண்டரில் தேதி கிடையாது. கண்மாய்த் தண்ணி எப்போ இடுப்புக்குக் கீழே இறங்குதோ, அப்போதான்.

மழையோடு தொடங்கும் கணக்கு

இந்தக் கரிசல் பூமியில் வற்றாத ஆறு இல்லை. திருச்சுழி வழியாகப் போகும் குண்டாறும் மழை பெய்தால்தான் ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகியதும், கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுவார்கள். கட்லா மேல்மட்டத்தில் இரை தேடும், ரோகு நடுவில், மிர்கால் தரையில். அதனால் மூன்றும் ஒரே கண்மாயில் சண்டையில்லாமல் வளரும். ஆனால் இவை ஓடும் ஆற்று நீரில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய கண்மாயில் பெருகாது. வருஷா வருஷம் புதுக் குஞ்சு விட்டே ஆகணும். ஜிலேபிக்கு அந்தக் கவலை இல்லை. அது பாட்டுக்குப் பெருகும், மற்ற மீன்களின் இரையையும் சேர்த்துத் தின்னும்.

மீன் யாருக்குச் சொந்தம்?

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அந்தக் கண்மாய் நீர்வளத்துறை வசம். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதற்குப் பெயர் மீன்பாசி குத்தகை. இதன் கணக்கு பசலி ஆண்டில்தான் ஓடுகிறது: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை.

அதாவது, ஜூன் முடிவதற்குள் பிடித்தாக வேண்டும். ரொம்பச் சீக்கிரம் வலை போட்டால் மீன் சின்னதாக இருக்கும், எடை நிற்காது. ரொம்பக் காத்திருந்தால் வெயில் முந்திக்கொள்ளும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். ராத்திரி முழுக்க பாசியும் மீனும் அதையே இழுத்துக்கொள்வதால், விடியும் நேரத்தில் அளவு அடிமட்டத்துக்குப் போய்விடும். கோடையில் 'கண்மாயில் செத்து மிதந்த மீன்கள்' என்று வரும் செய்திகள் பலவற்றின் பின்னணி இதுதான். ஒரே விடியலில் குத்தகைக்காரரின் மொத்த முதலும் போய்விடும்.

இதனால்தான் மடையைத் திறந்துவிட்டு, இல்லையென்றால் மோட்டார் வைத்து, தண்ணியைச் சீக்கிரம் வடித்துவிடும் ஆசை வருகிறது. ஆனால் அதே தண்ணியை நம்பித்தான் கடைசி நனைப்புக்குக் காத்திருக்கும் பயிரும், ஆடு மாடும், பக்கத்துக் கிணறுகளும் இருக்கின்றன. கோடையில் கண்மாய்க் கரையில் நடக்கும் தகராறுகளுக்கு மீனைவிட இந்தத் தண்ணிதான் காரணம்.

இன்னொரு பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் மீன் வரத்து குறையும்போது, கண்மாய் மீனுக்குச் சந்தையில் தனி மவுசு.

ஊத்தாவும் வெள்ளைத் துண்டும்

தென்மாவட்டங்களில் பல ஊர்களில் கடைசி மீனை ஊரே சேர்ந்து பிடிக்கும். 'கண்மாய் அழிக்கிறாங்க' என்பார்கள். வெளியூர்க்காரர் காதில் விழுந்தால் பதறிப்போவார். விஷயம் மீன்பிடித் திருவிழாதான். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இது ரொம்பப் பிரபலம். சில இடங்களில் குத்தகைதாரரே ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு இறங்க விடுவதும் உண்டு.

முந்தைய நாட்களில் வேலை நடப்பது வீட்டு முற்றத்தில். பரணில் கிடந்த ஊத்தாவை இறக்குவார்கள். மூங்கில் குச்சிகளால் பின்னிய, அடியும் மேலும் திறந்த கூடை அது. கலங்கிய தண்ணியில் 'சொத்'தென்று குத்தி, உள்ளே மீன் முட்டினால் மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிக்க வேண்டும். உடைந்த குச்சியை மாத்தி, தளர்ந்த கட்டை இறுக்கினால் ரெடி. வலையைவிட இதற்கு மதிப்பு ஏன்? கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலத்தின் முள்ளும் வேரும் வலையைக் கிழித்துவிடும்.

அன்றைக்கு விடியற்காலையிலேயே கரையில் கூட்டம் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை யாரும் இறங்கக் கூடாது. வீசியதும் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் பாய்வதற்குக் காரணம் இருக்கிறது: அத்தனை கால்கள் சேற்றைக் கலக்கினால்தான் மீன் மூச்சு முட்டி மேலே வரும். கிடைத்ததை விற்காமல் வீட்டுக்கே கொண்டுபோய்க் குழம்பு வைப்பது பல ஊர்களில் வழக்கம். இப்படிப் பிடித்துச் சாப்பிட்டால் அடுத்த வருஷம் மழை பெய்யும் என்பது நம்பிக்கை.

கையில் எளிதில் சிக்காதது விரால். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் என்பதால் தண்ணி கலங்கினாலும் அதற்குக் கவலையில்லை. ஈரச் சேற்றுக்குள் புதைந்து படுத்துக்கொள்ளும். எல்லோரும் கரையேறிய பிறகும் மண்வெட்டியோடு சிலர் கண்மாய்க்குள்ளேயே நிற்பது அதைத் தேடித்தான்.