ரயில் நிற்கும் சந்தை!



விடுமுறை நாளில் அப்பா, அம்மாவோடு செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் காலையிலேயே மின்சார ரயில் ஏறுங்கள். சென்னை சென்ட்ரல் அருகே 'மூர் மார்க்கெட் வளாகம்' நிலையத்தில் இறங்குவீர்கள். ரயில் நிலையத்துக்கு ஏன் மார்க்கெட் பெயர்?

1900-ல் இங்கே ஒரு பெரிய சந்தை திறக்கப்பட்டது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பழைய புத்தகம் முதல் கூண்டுக்கிளி வரை கிடைக்கும். ஆசிரியர் பயிற்சி படித்தபோது, நான் பாதி விலைக்குப் புத்தகம் வாங்கியது இங்கேதான். 1985-ல் தீயில் சந்தை எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் இன்று உங்கள் ரயில் நிற்கிறது!

வெளியே வாருங்கள். பக்கத்தில் வெள்ளை வெளேர் என்று நிற்பது ரிப்பன் கட்டடம். 1913-ல் திறக்கப்பட்ட மாநகராட்சி அலுவலகம். சென்ட்ரல் நிலையமோ அதைவிட மூத்தது, 1873-ல் கட்டியது.

அடுத்து, மெட்ரோ ரயிலில் கோயம்பேடு போகலாம். காய், கனி, பூ எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கும். அம்மாவின் கையை விடாதீர்கள்! இந்தச் சந்தையும் இடம் மாறி வந்ததுதான். முன்பு கொத்தவால் சாவடியில் இருந்தது. குறுகலான தெருக்களில் லாரிகள் திணறியதால் 1996-ல் இங்கே வந்தது.

ஊர் வளர வளரச் சந்தையும் இடம் மாறும். கட்டடம் போய்விட்டால் நினைவு மட்டுமே மிஞ்சும். உங்கள் ஊர்ச் சந்தை முன்பு எங்கே இருந்தது? இன்றே தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். நாளை அதுதான் உங்கள் ஊரின் வரலாறு!